அண்ணன் அன்பளிப்பு

பாத்து, பாத்து. அந்த வண்டி சீட்டுல கைய ஊனாதீக தம்பி, ரெக்சின் புதுசு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. உங்க வீட்டுக்காரங்க ஆட்டோவிலயே இருக்கட்டும். இறக்கி ஏத்தி அவுகளுக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம். அளவு எடுக்கணும்னா நாமளே போய் எடுத்துக்கிடலாம். மத்தபடி அவுககிட்ட கேக்கதுக்கு என்ன இருக்கு? வண்டி எப்படி வேணும்னு சொல்லுததுக்கு நீங்க இருக்கீக, செய்யுததுக்கு நான் இருக்கேன்.

பேப்பர்ல பாத்துட்டு வந்தேன்னு சொன்னீகல்லா. அது வந்து அஞ்சு வருசம் ஆகப்போகுது. இன்னும் ஆளு வந்துக்கிட்டேதான் இருக்கு. ராஜபாளையத்துல இருந்து வாராக, கயத்தாத்துல இருந்து வாராக. வந்தவங்களுக்கெல்லாம் வண்டியக் காட்டுவேன், போட்டோ எடுத்துக்கோங்கன்னு சொல்லுவேன். செஞ்சு கொடுத்தது மட்டும் கிடையாது. மனசு வரல. உங்களைப் பாத்தா பொறுப்பான ஆளாத் தெரியுது, உங்களுக்குச் செய்யலாம். ஆனா முதல்ல இந்த வண்டிக்கு நடந்ததைக் கேட்டுக்கோங்க. தெரிஞ்சு வச்சுக்கிட்டா உங்களுக்கு நல்லது.

முன்னால என்ன எழுதிருக்கு, வாசிங்க. 'அண்ணன் அன்பளிப்பு'. நம்பர் பிளேட்டு இருக்க வேண்டிய எடம் அது. பக்கத்துல இருக்கது என் போட்டோ, கீழ என் செல் நம்பர். ரோட்டுல பாக்குதவுக கேப்பாக, யாருப்பா செஞ்சதுன்னு. ஆவுடைகிட்ட கேட்டா அவ வாயத் தொறக்க மாட்டா. அதான் எழுதியே போட்டுட்டேன்.

ஆவுடைத்தங்கம் என் தங்கச்சி. எனக்கும் அவளுக்கும் பதினஞ்சு வயசு வித்தியாசம். ரெண்டு வயசுல காச்சல் வந்து ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. வீட்டுக்குள்ள கைய ஊனி ஊனி, உக்காந்தபடியே உடம்ப இழுத்துக்கிட்டுப் போவா. அம்மா சாகும்போது என் கையப் பிடிச்சு, நாயகம், இவளை விட்டுராதல அப்படின்னா. விடல. இந்த நிமிசம் வரைக்கும் நான் விடலை தம்பி. அவதான் விட்டுட்டா.

என் வீட்டுக்காரி அவ அம்மா வீட்டுக்குப் போய் ஒம்பது வருசம் ஆச்சு. அது வேற கதை. சொன்னாக் கேக்குத குணம் அவளுக்குக் கிடையாது. அதுக்கப்புறம் வீட்டுல நானும் ஆவுடையும்தான். ஆக்குவா, துவைப்பா, கணக்கு எழுதுவா, வீட்டோட ஒட்டின ஷெட்டுக்கு வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பா. உக்காந்த எடத்துலயே அம்புட்டும் செய்வா. ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்லுத மாதிரி நடந்துக்கிட்டது கடைசில அந்த நாலு நாளுதான்.

வண்டி செஞ்ச கதைக்கு வாரேன். அது ஒரு ஆடி மாசம். காத்து அடிச்சு மண்ணை வாரி எறியுது, ஷெட்டுல வேலை இல்ல. பழைய இரும்புக்கடைல ஒரு ஸ்கூட்டர் இஞ்சின் கெடந்துச்சு. அதைத் தூக்கிட்டு வந்து போரு போட்டு, பிஸ்டன் மாத்தி, ஓட வச்சேன். ஒன்றரை இஞ்ச் சதுரப் பைப்புல சேஸ். பின்னால ரெண்டு சக்கரம். அதுல ஒண்ணுதான் இழுக்கும், இன்னொண்ணு சும்மா உருளும். ரெண்டும் சேந்து இழுத்தா திருப்பத்துல வண்டி தூக்கி அடிச்சிரும். குடும்பமும் அப்படித்தான் பாத்துக்கோங்க. ஒருத்தன் இழுக்கணும், மத்தவுக உருளணும். கால்ல செய்யுத வேலை அம்புட்டையும் கைக்குக் கொண்டு வந்தேன். பிரேக்கு கையில. கிக்கரை அறுத்துட்டு நீட்டு லிவரு வச்சேன், உக்காந்தபடியே இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம். சீட்டு, பழைய பஸ் சீட்ட அறுத்து வச்சது.

அந்த சீட்டுலதான் முதல் பிரச்சினை வந்துச்சு. அளவு எடுக்கும்போது நான் உக்காந்து பாத்துத்தான் எடுத்தேன். ரெண்டரை அடி உயரம். முடிஞ்சதும் அவ சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "அண்ணே, ஒரு அடி எறக்கி வையிண்ணே, நானே ஏறிக்கிடுவேன்"னா. எறக்குனா வேகத்தடைல அடி தட்டும்னு சொன்னேன். உங்ககிட்ட உண்மையச் சொல்லணும்லா, அப்படி ஒண்ணும் தட்டாது. ஆனா தங்கச்சிய அண்ணன் ரெண்டு கையாலயும் தூக்கி வண்டியில உக்கார வைக்கான் பாருங்க, அதுல ஒரு இது இருக்கு. பாக்குதவுக கண்ணுல தண்ணி வந்துரும். பேப்பர்ல வந்தது அந்தப் போட்டோதான். அவளா ஏறி உக்காந்திருந்தா எவன் போட்டோ எடுப்பான்?

அதுக்கப்புறம் ஊருல எனக்குப் பாராட்டு விழா வச்சாக. ஸ்கூல் மைதானத்துல பந்தல். சால்வை மேல சால்வை. அண்ணன்னா நாயகம் மாதிரி இருக்கணும்னு ஒருத்தரு பேசினாரு, பொம்பளைக எல்லாம் முந்தானையால கண்ணத் துடைக்காக. கடைசில ஆவுடை கையில மைக்கக் கொடுத்து, ரெண்டு வார்த்தை பேசும்மான்னாக. அவ வாங்கி, தொண்டையச் செருமிட்டு, "சீட்டு உயரமா இருக்கு. யாராவது எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க"ன்னா.

சனம் சிரிச்சிட்டு தம்பி. அறியாப்பிள்ள ஏதோ பேசுதுன்னு சிரிச்சிட்டு. முப்பத்திரெண்டு வயசு அறியாப்பிள்ள. நான் மேடையில சால்வையோட நிக்கேன், ஒடம்பெல்லாம் எரியுது. வீட்டுக்கு வந்து மூணு நாளு அவ கையால சாப்பிடல. மூணாவது நாளு அவளா வந்து, "சீட்டு அப்படியே இருக்கட்டும்ண்ணே, சாப்பிடு"ன்னா. சரின்னு சாப்பிட்டேன். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிடுத ஆளு இல்ல.

பிறகு ஒழுங்காத்தான் போச்சு. வெள்ளிக்கிழமை கோவிலு. புதன்கிழமை காய்கறி மார்க்கெட்டு. காலைல தூக்கி உக்கார வைப்பேன், வந்ததும் ஆரன் அடிப்பா, எறக்கி விடுவேன். ஞாயித்துக்கிழமை வண்டிக்கு வேலை. செயினத் தட்டி இறுக்கணும், பேரிங்குக்கு கிரீஸ் வைக்கணும், பிளக்கக் கழட்டித் தேய்க்கணும். கையில செஞ்ச வண்டி கைக்குழந்தை மாதிரி, வாரம் ஒரு தடவ கவனிக்கலன்னா அழுதுரும். அவ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா. நான் கேக்கதுக்கு முன்னாடியே பதினாலு நம்பர் ஸ்பேனர் கைக்கு வந்துரும். ஒரு நாளு வண்டி எடுக்க மாட்டேங்குது, நான் பிளக்குக்கு கரண்டு வருதான்னு காயில நோண்டிக்கிட்டு இருக்கேன். "கார்பரேட்டர்ல தூசி இருக்கும்ண்ணே"ன்னா. பேசாம இருட்டின்னேன். அரை நாளு கழிச்சு கார்பரேட்டரக் கழட்டினா தூசிதான் இருந்துச்சு. நான் அவகிட்ட சொல்லல. எதுக்குச் சொல்லணும்?

பெட்ரோல் நான்தான் ஊத்துவேன். டேங்குக்கு மூடி போட்டு பூட்டு வச்சிருக்கேன் பாருங்க. சாவி என் அரைஞாண் கயத்துல. ஞாயித்துக்கிழமை ஒரு லிட்டர். கோவிலு, மார்க்கெட்டு, அதுக்கு அது போதும். ஒரு லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் கொடுக்கும். உங்களுக்கும் அதையேதான் சொல்லுவேன். நிறைய ஊத்தி வச்சா எங்க போறோம்னு ஒரு நெனப்பு வந்துரும். வண்டி கொடுத்தது ஊரைச் சுத்தவா?

இதுக்கு நடுவுல ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாரு. நல்ல மனுசன். வண்டியச் சுத்திப் பாத்துட்டு, "நாயகம், இதை ஊனமுற்றோர் வண்டின்னு இந்தப் பிள்ள பேர்லயே பதிவு பண்ணிரலாம். கொண்டு வாரும், டெஸ்ட் வச்சு லைசென்சும் போட்ருவோம்"னாரு. ஆவுடை மொகத்தப் பாக்கணும் நீங்க. லைட்டு போட்ட மாதிரி ஆயிட்டு. நான் சொன்னேன், ஐயா, தங்கச்சிக்கு எதுக்குய்யா லைசென்சு, அவளுக்கு நான் இருக்கேன்னு. அவரு ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போய்ட்டாரு. அவ பேருக்கு எழுதிட்டா பிறகு அது அவ வண்டி ஆயிரும்லா. செஞ்சது நானு.

சரி, டீ குடிக்கீகளா? வேண்டாமா. உங்க வீட்டுக்காரங்களுக்கு? அதுவும் வேண்டாமா. சரி.

போன வருசம் வைகாசில ஒரு தபால் வந்துச்சு. அவ எனக்குத் தெரியாம, தெரியாமன்னு சொல்ல முடியாது, பரீட்சை எழுதுதேன்னு சொன்னா, நான் காதுல வாங்கல. டைப்பு படிச்சிருக்கா, தபால்ல பி.ஏ. முடிச்சிருக்கா. எழுதினது பாஸாகி, தென்காசில ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்ட் வேலைக்கு ஆர்டர் வந்துட்டு. இந்தத் தேதிக்குள்ள வந்து சேரணும், இல்லன்னா வேலை அடுத்த ஆளுக்குன்னு போட்ருக்கு. போஸ்ட்மேன் என் கையிலதான் கொடுத்தாரு. நான் வாசிச்சேன், மடிச்சேன், டூல்ஸ் டிராயர்ல அடியில வச்சேன்.

ஒளிச்சு வைக்கல தம்பி. நல்ல நேரம் பாத்துச் சொல்லலாம்னு வச்சேன். நீங்களே யோசிங்க. தென்காசி நாப்பது கிலோமீட்டர். அங்க யாரு தூக்கி உக்கார வைப்பா? ஆபீசுல கக்கூசுக்கு எப்படிப் போவா? நாலு பேரு பரிதாபமாப் பாப்பாகளே. அதெல்லாம் நெனச்சுத்தான். அப்புறம், என் சோறு. அதையும் சொல்லிருதேன், பொய் சொல்லப்படாது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வாரேன், கதவத் தொறக்கேன், உள்ள யாரும் இல்ல. அதை நெனச்சாலே பயம்தான். பயம்னே சொல்லுதேன்.

மூணு வாரம் போச்சு. ஒரு வியாழக்கிழமை ஸ்பேனர் எடுக்கப் போனவ கையில அது சிக்கிட்டு. வாசிச்சா. கடைசி நாளு திங்கக்கிழமை. எங்கிட்ட காட்டி, "இது எப்பண்ணே வந்துச்சு?"ன்னா. சத்தம் போடல, அழல. வந்தா என்னட்டி, இங்க உனக்கு என்ன குறைன்னேன். "பெட்ரோல் ஊத்திக் கொடுண்ணே. நான் போய்ச் சேந்துட்டு வாரேன்"னா. முடியாதுன்னேன். "அப்ப ஆட்டோ சொல்லு"ன்னா. நான் சிரிச்சேன். இந்த ஊர்ல அம்புட்டு ஆட்டோக்காரனும் எங்கிட்ட வேலைக்கு வாரவன். எனக்குத் தெரியாம ஒருத்தன் அவளை ஏத்த மாட்டான். அன்னைக்கு சாயங்காலமே ஸ்டாண்டுல போய் ஒரு வார்த்தையும் சொல்லி வச்சிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலைல ஒரு லாரிக்கு ஆக்சில் பாக்கக் கூப்பிட்டாகன்னு போய்ட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தா வண்டியக் காணோம். வண்டி நின்ன எடத்துல பழைய டயரு. கீழ பெருசு, அதுக்கு மேல சின்னது, அதுக்கு மேல இன்னும் சின்னதுன்னு படி மாதிரி அடுக்கிருக்கு. அது வழியா சீட்டுல ஏறி உக்காந்து போயிருக்கா. சரி, ஏறிட்ட, பெட்ரோலுக்கு எங்க போவ, முந்தாநாளே டேங்கு காலி, சாவி எங்கிட்டன்னு நெனச்சுக்கிட்டே செவத்தப் பாக்கேன். ஆணியில தொங்குன குளுக்கோஸ் பாட்டிலக் காணோம்.

உங்களுக்குப் புரியலையா? டேங்கக் கழட்டிட்டு வேலை பாக்கும்போது இஞ்சின ஓட்டிப் பாக்கணும்லா. அதுக்கு நாங்க ஆசுபத்திரி குளுக்கோஸ் பாட்டில்ல பெட்ரோல ஊத்தி, மேல தொங்க விட்டு, டியூப கார்பரேட்டர்ல சொருகிருவோம். சொட்டு சொட்டா இறங்கும், இஞ்சின் ஓடும். ஷெட்டுல வச்சு செய்யுதது. அதை அவ வண்டியில கம்பு கட்டி, தலைக்கு மேல தொங்க விட்டுட்டுப் போயிருக்கா! பார்ட்ஸ் கழுவ கேன்ல வச்சிருந்த பெட்ரோல் ரெண்டு லிட்டர், அதையும் எடுத்துட்டுப் போய்ட்டா. டேங்குப் பூட்டு அப்படியே இருக்கும், வண்டி தென்காசிக்குப் போய்க்கிட்டிருக்கும். நாலு வருசமா பக்கத்துல உக்காந்து வாயப் பொத்திக்கிட்டுப் பாத்தாள்லா, அதெல்லாம் எதுக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

எனக்கு வந்த கோபத்துக்கு என்ன செஞ்சேன் தெரியுமா? செல்ல எடுத்து, போற வழியில இருக்க செக்போஸ்ட்டு ஏட்டையாவக் கூப்பிட்டேன். தெரிஞ்சவருதான். ஐயா, நம்பர் இல்லாத வண்டி ஒண்ணு வருது, ஆர்.சி. கிடையாது, ஓட்டுதவளுக்கு லைசென்சு கிடையாது, தலைக்கு மேல பெட்ரோல் தொங்குது, பிடிச்சுப் போடுங்கன்னேன். அவரு, "நாயகம், அது உம்ம வண்டிதானவே?"ன்னாரு. ஆமாய்யா, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்யான்னேன்.

பத்து மணிக்கு நிப்பாட்டிட்டாக. உடனே போயிருக்கலாம். பைக்குல இருபது நிமிசம். போகல. கொஞ்சம் தெரியட்டும்னு விட்டேன். ஓட்டல்ல சாப்பிட்டு, வெத்தல போட்டு, ரெண்டு மணிக்குத்தான் போனேன். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், வெயில்ல வண்டி நிக்குது. அந்த சீட்டுல அப்படியே உக்காந்திருக்கா. நாலு மணி நேரம். ஏட்டையா சொன்னாரு, "எறங்கி நிழல்ல உக்காரும்மான்னு எம்புட்டோ சொன்னேன், வேத்து ஆம்பள தூக்க வேண்டாம்னுட்டா. தண்ணி கொடுத்தேன், அதையும் வேண்டாம்னுட்டா"ன்னு. தண்ணி குடிச்சா அப்புறம் எறங்கணும்லா, அதுக்குத்தான் குடிக்கல. அப்படியும் அடக்க முடியல போல. மடியில பைய வச்சு மறைச்சிருந்தா. சீட்டு நனைஞ்சிருந்துச்சு. பஞ்சு வரைக்கும் எறங்கிட்டு, என்ன கழுவியும் வாடை போகல. ரெக்சின் மாத்த வேண்டியதாப் போச்சு. அதுக்கும் நான்தான்.

ஒரு பேப்பர் எழுதிக் கேட்டாக. இனி இந்த வாகனத்தை மேற்படி ஆவுடைத்தங்கம் ஓட்டாமல் பார்த்துக்கொள்வேன் என உறுதி கூறுகிறேன்னு எழுதி கையெழுத்துப் போட்டேன். நல்ல தெளிவா எழுதினேன். அவளை எறக்கி, ஒரு ஆட்டோவுல வீட்டுக்கு அனுப்பிட்டு, வண்டிய நான் ஓட்டிட்டு வந்தேன். தூக்கும்போது அவ ஒடம்பு கட்டை மாதிரி இருந்துச்சு. எப்பவும் கழுத்தச் சுத்திக் கையப் போட்டுக்கிடுவா. அன்னைக்குப் போடல.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவ என் மொகத்தப் பாக்கல. ஆக்கி வச்சா, துவைச்சா. நானும் விட்டுட்டேன். திங்கக்கிழமை ஒண்ணு கழிஞ்சிட்டா எல்லாம் சரியாயிரும்னு இருந்தேன். அவளால போக முடியாதுன்னு எனக்குத் தெரியும். எப்படின்னா, பதிமூணு வயசுல பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில எவனோ ஒரு பய அவளைப் பாத்து தவக்களைன்னு கத்திட்டான். அன்னைக்கு வந்து சொன்னா, இனிமே ரோட்டுல கை ஊன மாட்டேன், செத்தாலும் ஊன மாட்டேன்னு. ஊனல. இருபத்திமூணு வருசம் ஊனல. வெளிய போகணும்னா தூக்கணும், இல்ல வண்டி வேணும். அந்த தைரியத்துலதான் நான் இருந்தேன்.

திங்கக்கிழமை ஏழு மணிக்குக் குளிச்சா. நீலச் சேலை உடுத்தினா. தலையப் பின்னிப் போட்டா. சர்ட்டிபிகேட்ட எல்லாம் பாலித்தீன் பையில போட்டு முதுகுல கட்டினா. பழைய டயர் டியூப வெட்டி உள்ளங்கைக்கு உறை மாதிரி வச்சுக் கட்டிருந்தா. எப்ப வெட்டினா, எனக்குத் தெரியாது. வாசல் படிய விட்டு எறங்கினா. கைய ரோட்டுல ஊனினா.

பஸ் ஸ்டாண்டு ஒரு கிலோமீட்டர். கைய முன்னால வைக்கா, உடம்ப இழுத்துப் போடுதா. வைக்கா, இழுத்துப் போடுதா. எதுத்த வீட்டுல கதவு தொறக்குது, மாடியில ஆளு நிக்குது. நான் ஓடிப் போய் டேங்கத் தொறந்து, கேன்ல இருந்தத அம்புட்டும் ஊத்தி, வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பின்னாலயே போனேன். பக்கத்துல போய், முதல் கியர்ல, அவ வேகத்துக்கே ஓட்டுதேன். ஏறும்மா, அண்ணன் கொண்டு விடுதேன், ஏறும்மான்னு சத்தமா சொல்லிக்கிட்டே வாரேன். எல்லாருக்கும் கேக்கணும்லா. இந்தா சாவி, நீயே வச்சுக்கோம்மான்னு அரைஞாண்ல இருந்து அறுத்து நீட்டுதேன்.

கொண்டு விட்ருப்பீகளான்னு கேக்கீக. உங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன? விட்ருக்க மாட்டேன். ரயில்வே கேட்டு வரைக்கும் போய்ட்டு வீட்டுக்குத் திருப்பிருப்பேன். அவளுக்கும் அது தெரியும் போல. திரும்பியே பாக்கல.

சனம் சேந்துட்டு. பால்காரன் நிக்கான், பள்ளிக்கூடப் பிள்ளைக நிக்குது. ஒரு பொம்பள ஓடி வந்து தூக்கப் பாத்தா, ஆவுடை தலைய ஆட்டிட்டா. சேலை எல்லாம் புழுதி. முட்டிக்குக் கீழ எங்கயோ தோலு போய் ரத்தம் வருது, அவ அதைத் திரும்பிப் பாக்கல. எவனெவனோ செல்ல எடுத்துப் படம் பிடிக்கான். அவளைப் பிடிக்கான், பிறகு என்னையப் பிடிக்கான். என்னையப் பிடிக்கும்போது மூஞ்சி எல்லாம் ஒரு மாதிரி இருக்கு. நாலு வருசத்துக்கு முந்தி இதே சனம்தான் கண்ணத் தொடச்சுது. ஒருத்தனாவது, இம்புட்டு நல்ல வண்டி பக்கத்துல வரும்போது இந்தப் பிள்ள ஏன் இப்படிப் போகுது, திமிரு பாருன்னு சொல்லணுமா இல்லையா? ஒருத்தன் சொல்லல.

பஜார் முக்கு வந்ததும் நின்னா. மூச்சு வாங்குது. தலையத் தூக்கி என்னையப் பாத்தா. நாலு நாளாப் பாக்காதவ பாக்கா. சரி, ஓஞ்சிட்டா, ஏறப் போறான்னு நான் குனிஞ்சு ரெண்டு கையையும் நீட்டிட்டேன்.

"வண்டிய அமத்துண்ணே. புகை மூஞ்சில அடிக்குது"ன்னா.

அம்புட்டுதான் தம்பி. மறுபடி கைய ஊனிட்டா. நான் அமத்தினேன். ஏன் அமத்தினேன்னு எனக்கே தெரியல. அந்த எடத்துலயே நின்னுட்டேன். அவ பஸ் ஸ்டாண்டுக்குள்ள போய், தென்காசி பஸ்ஸுக்குப் பக்கத்துல போய், படியப் பிடிச்சு ஏறுதா. கண்டக்டர் கீழ எறங்கி வழி விட, பொம்பளைக ரெண்டு பேரு சேந்து தூக்கி விட்டாக. அவுகளை மட்டும் தூக்க விட்டா. பஸ் போய்ட்டு.

பதினோரு மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டாளாம். எட்டு மாசம் ஆகுது. அங்கயே ஒரு ஹாஸ்டல்ல இருக்கா. பொங்கலுக்கு வரல. நான் போன் போட்டா எடுக்கதில்ல. ராத்திரி ஓட்டல்ல ரெண்டு பரோட்டா தின்னுட்டு வந்து படுக்கேன். கதவத் தொறந்தா யாரும் இல்ல. என்ன நடந்துரும்னு பயந்தேனோ அதுவே நடந்துட்டு. அதெல்லாம் கூட ஆறிரும். புகைன்னு சொன்னா பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. ஊரு கூடி நிக்கும்போது, நான் செஞ்ச வண்டிய, புகைங்கா! அவ போன பிறகும் நான் ஒரு ஞாயித்துக்கிழமை தவற விடல. கிரீஸ் வைக்கேன், பிளக்கு தேய்க்கேன், அரை மணி நேரம் ஓட விடுதேன். ஓட்ட ஆளு இல்ல, ஆனா வண்டி இன்னைக்கும் ரெடியாத்தான் இருக்கு.

இருங்க, நீங்களே பாத்து ஒரு நியாயம் சொல்லுங்க. வெளியாளு நீங்க, உங்களுக்கு அவளும் வேண்டாம் நானும் வேண்டாம். இந்தா, லிவர இழுத்தாச்சு. ஒரே இழுவை, பாத்தீகளா? கேளுங்க சத்தத்த. அந்தப் பக்கம் போகாதீக, பின்னால வந்து நில்லுங்க. இன்னும் கிட்ட வாங்க. அவ கெடந்த உயரத்துக்குக் குனிஞ்சு பாருங்க.

எங்க இருக்கு புகை? சொல்லுங்க தம்பி. ஏன் ஆட்டோவத் திருப்பச் சொல்லுதீக? அளவு எடுக்கவே இல்லையே இன்னும். மூக்கப் பொத்திக்கிட்டு நின்னா என்ன அர்த்தம்? கைய எடுங்க. மூக்குல இருந்து கைய எடுத்துட்டுச் சொல்லுங்க.